முழிப்பா இரு: 'வோக்' என்ற சொல்லைப் பற்றி

போன மாதம் எங்கள் துறையில் ஒரு கருத்தரங்கு. ஊர்த் திருவிழா ஒன்றைப் பற்றி ஆய்வாளர் ஒருவர் கட்டுரை வாசித்தார். தேரின் உயரம், வடம் பிடிக்கும் முறை, முதல் மரியாதை யாருக்கு என்று எல்லாம் அதில் இருந்தன. நான் எழுந்து, "தேர் சேரித் தெருவுக்குள் போகுமா, போகாதா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே" என்று கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "வோக் வந்துட்டாரு." அரங்கமே சிரித்தது. தலைமை வகித்த பேராசிரியரும் சிரித்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கேள்வி அங்கேயே செத்துப்போனது.

பதில் சொல்லாமல் ஒரு கேள்வியை முடித்துவைக்க இன்றைக்கு இந்த ஒரு சொல் போதும். அப்படிப்பட்ட சொல் எங்கிருந்து வந்தது என்று அன்றிரவு தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பாடப்புத்தக ஆங்கிலத்தில் 'அவேக்' என்று வர வேண்டிய இடத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் 'வோக்' என்று வரும். தூங்காமல் இருப்பது, அவ்வளவுதான் அதன் நேர்ப்பொருள். அது அரசியல் பொருள் கொண்டதற்கு நமக்குக் கிடைக்கும் பழைய சாட்சிகளில் ஒன்று 1938இல் பதிவான ஒரு பாடல். பாடியவர் லெட் பெல்லி. பாடலின் பொருள் 'ஸ்காட்ஸ்பரோ இளைஞர்கள்' வழக்கு. 1931 மார்ச்சில் அலபாமாவில் சரக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்த ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது, இரண்டு வெள்ளைப் பெண்களை வன்புணர்வு செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. ஒன்பது பேரில் யாரும் இருபது வயதைத் தாண்டவில்லை. கைதான இரண்டே வாரத்தில், வெள்ளையர் மட்டுமே அடங்கிய ஜூரியின் தீர்ப்பின்படி எட்டுப் பேருக்கு மரண தண்டனை. அந்த இரு பெண்களில் ஒருவர் 1933இல் நீதிமன்றத்தில் வந்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார். அதற்குப் பிறகும் ஜூரி குற்றவாளி என்றே சொன்னது. போராட்டங்களாலும் மேல்முறையீடுகளாலும் தண்டனை நிறைவேறவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் இளமை சிறையில் கழிந்தது.

பாட்டை முடித்த பிறகு லெட் பெல்லி பேச்சாகச் சில வார்த்தை சொல்கிறார். அந்தப் பக்கம் போகிற நம் ஆட்கள் கொஞ்சம் சூதானமாக இருக்க வேண்டும், 'ஸ்டே வோக்', கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கவனியுங்கள், அவர் தன்னை 'வோக்' என்று சொல்லிக்கொள்ளவில்லை. அலபாமா வழியாக ரயிலேறப் போகிறவனுக்கு எச்சரிக்கை சொல்கிறார்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'விழிப்புணர்வு' என்றால் டெங்குப் பேரணியில் பள்ளிப் பிள்ளைகள் தூக்கிச் செல்லும் அட்டை ஞாபகம் வருகிறது. 'விழித்தெழு' கட்சிச் சுவரொட்டி. சரியான சொல்லை நான் அகராதியில் தேடியிருக்கவே வேண்டாம். கல்லூரி விடுதியில் சேர நான் பெட்டியோடு கிளம்பிய அன்று பேருந்து நிறுத்தத்தில் அம்மா சொன்னார்: "எந்த ஊருன்னு கேப்பாங்க. அப்புறம் ஊர்ல எந்தப் பக்கம்னு கேப்பாங்க. அப்புறம் குலசாமி எதுன்னு கேப்பாங்க. முழிப்பா இருந்துக்க சாமி." மூன்று கேள்விகளும் முதல் வாரத்திலேயே, அதே வரிசையில் வந்தன. அம்மா லெட் பெல்லியைக் கேட்டதில்லை. பள்ளிக்கூடப் பக்கமே அதிகம் போனதில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு நடந்தது நமக்குப் பழகிய கதைதான். 1962 மே மாதம் நியூயார்க் டைம்ஸில் வில்லியம் மெல்வின் கெல்லி என்ற இளம் கறுப்பின எழுத்தாளர் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பிலேயே 'வோக்' இருந்தது. கறுப்பின மக்களின் பேச்சுவழக்கை வெள்ளையர் எடுத்துக்கொள்வதும், அதற்குள் அந்த மக்கள் வேறு சொல்லுக்கு நகர்ந்துவிடுவதும்தான் கட்டுரையின் பொருள். 2014இல் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு நடந்த போராட்டங்களில் 'ஸ்டே வோக்' மறுபடி ஓங்கி ஒலித்தது. 2017இல் ஆக்ஸ்போர்டு அகராதி இந்தப் பொருளைச் சேர்த்துக்கொண்டது. சட்டையிலும் விளம்பரத்திலும் ஏறியது. 'இரு' என்ற ஏவல் உதிர்ந்து, 'நான் வோக்' என்ற சுயசான்றிதழ் மிஞ்சியது. சான்றிதழாக மாட்டிக்கொண்டவர்கள் இருந்ததால் அதைக் கேலி செய்வதும் சுலபமானது.

2022இல் புளோரிடா மாகாணம் இனப் பாகுபாடு பற்றிய பயிற்சியையும் பாடத்தையும் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டு, அதற்கு 'ஸ்டாப் வோக்' என்று சுருக்கப்பெயர் வைத்தது. பல்கலைக்கழகங்கள் தொடர்பான பகுதியை நீதிமன்றம் நிறுத்திவைத்தது வேறு விஷயம். அதே ஆண்டு இன்னொரு வழக்கில் அம்மாகாண ஆளுநரின் வழக்கறிஞரிடம் 'வோக்' என்றால் என்ன என்று கேட்டார்கள். அமெரிக்கச் சமூகத்தில் கட்டமைப்பு சார்ந்த அநீதிகள் இருக்கின்றன, அவற்றைச் சரிசெய்ய வேண்டும் என்ற நம்பிக்கை என்றார் அவர். எதிர்த் தரப்பு வாயிலிருந்தே இவ்வளவு நேர்மையான விளக்கம் வந்தது எனக்கு வியப்புதான். இனி யாராவது என்னை வோக் என்றால் இந்த விளக்கத்தைச் சொல்லி, இதில் எது தவறு என்று கேட்கப் போகிறேன்.

நம் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டபோது என் நண்பன் ஒருவன் தன் பக்கத்தில் கறுப்புக் கட்டம் போட்டான். சில மாதங்களில் அவனுடைய கல்யாணப் பத்திரிகை வந்தது. இரண்டு பக்கத் தாத்தாக்களின் பெயருக்குப் பின்னாலும் சாதிப் பட்டம் கொட்டை எழுத்தில். கேட்டதற்கு, "வீட்ல விடலடா" என்றான். மினியாபொலிஸ் அவனுக்குத் தெரிந்தது, சொந்த வீட்டு அச்சகப் பிரதி கண்ணில் படவில்லை. இவனைப் போன்றவர்களைப் பார்த்துத்தான் பின்வரிசைக்காரர் சிரிக்கக் கற்றுக்கொண்டார் என்றால் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பு நண்பனை ஒன்றும் செய்யாது. தேர் போகும் வழியைக் கேட்டவன் மேல்தான் அது விழுகிறது.

கடன் வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1972இல் பம்பாயில் தலித் இளைஞர்கள் பிளாக் பேந்தர்களின் பெயரை எடுத்துத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். தெருவில் அடி வாங்கவும் சிறை போகவும் தயாராக இருந்தவர்கள் எடுத்துக்கொண்ட பெயர் அது. நாமும் 'வோக்' என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம், பட்டமாக அல்ல, ஏவலாக மட்டும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள. விடுதிக்குப் போகும் தம்பிக்கும் நேர்முகத் தேர்வுக்குப் போகும் தங்கைக்கும் சொல்ல.

அடுத்த கருத்தரங்கு வரும் வெள்ளிக்கிழமை. அதே ஆய்வாளர் கட்டுரையின் இரண்டாம் பகுதியை வாசிக்கிறார். கேள்வியை இந்த முறை தாளில் எழுதி வைத்திருக்கிறேன்: அந்த ஊரில் தேர் எந்தெந்தத் தெரு வழியாகப் போகிறது, எந்த முனையில் திரும்புகிறது?