மண்ணுக்குள் போவதை யார் கொடுப்பது?

மின்விசிறிகளுக்கு உபயகாரர்கள் கிடைத்துவிட்டார்கள். மேடை, முகப்பு வளைவு, நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் பெயர் எழுதியாகிவிட்டது. அஸ்திவாரத்துக்கு மட்டும் ஒருவரும் இல்லை. தோட்டங்களை விட்டு வந்த நம் குடும்பங்கள் கல்யாணம் காரியம் என்று கூடுவதற்கு ஒரு மண்டபமும், சுற்றிலும் கொஞ்சம் செடிகொடியும் வேண்டும் என்று கிளம்பினோம். சாமான் சேர்ப்பதற்குள் மனசே விட்டுப் போகிறது.

மண்டபம் எழும்பப்போகும் செகிஞ்சான் மண் நெல்லுக்கு வரம். 1930களில் தஞ்சோங் காராங் பாசனத் திட்டத்துக்காகச் சதுப்பு வெட்டித் திருத்திய வட்டாரம் இது. இன்றைக்கும் ஆண்டுக்கு இரண்டு போகம் விளைகிறது. ஆனால் அந்தக் கடலோரக் களிமண்மேல் சுவர் எழுப்பினால் ஒருபக்கம் இறங்கிவிடும். முதலில் பாக்காவ் என்கிற அலையாத்தி மரக் கம்புகளை வரிசையாக அடித்து இறக்க வேண்டும். அதுவும் தலை நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி இறக்க வேண்டும். நீரில் கிடக்கும் வரைதான் அந்த மரம் கெடாது. பிறகு லோரி லோரியாகச் செம்மண் கொட்டி மேடாக்கி, அது அமர்ந்து இறுகும்வரை பொறுக்க வேண்டும். செலவில் பெரும்பங்கு இப்படி மண்ணுக்குள்ளேயே போய்விடுகிறது. அங்கே பெயர்ப்பலகை மாட்ட இடமில்லை. அதனால்தான் யாரும் முன்வரவில்லை என்று நான் நம்புகிறேன்.

"கடல் பக்கத்துலதானே இருக்கு, மணலுக்கு எதுக்குப் பணம்?" என்று கூட்டத்தில் ஒரு மாமா கேட்டார். இந்தக் கடற்கரையில் கிடைப்பது பெரும்பாலும் சேறு. மணலே கிடைத்தாலும் அதிலுள்ள உப்பு இரும்புக் கம்பியைத் தின்றுவிடும். அனுமதி இல்லாமல் அள்ளவும் கூடாது. நல்ல மணலுக்கு பெஸ்தாரி ஜெயா பக்கம் போக வேண்டும். நம் ஆட்களுக்கு அது என்றைக்கும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். ஈயம் எடுத்த பழைய லம்பங்களில் மணல் எடுக்கிற ஊர். அங்கிருந்து ஏற்றிவர லோரி வேண்டும். 2024 ஜூன் 10இல் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குப் போனது. அன்று ஏறிய லோரி வாடகை எங்களுக்கு இன்னும் இறங்கவில்லை.

வந்து சேர்ந்த சாமான்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வீடு புதுப்பித்தவர்கள் மிச்சமான டைல்ஸைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். ஒன்றின் அளவுக்கு இன்னொன்று சேரவில்லை. சிமெண்ட் மூட்டை ஒன்றைத் தட்டிப் பார்த்தேன், கல்லைத் தட்டுவது போல் சத்தம் வந்தது. ஈரத்தரையில் பலகை போடாமல் அடுக்கி, மாதக்கணக்கில் கிடந்த மூட்டை. அதை உடைத்துக் கலந்தால் பிடிப்பு இருக்காது. குழந்தைகள் ஓடி விளையாடப் போகிற கட்டடத்துக்கு அதையா போடுவது? வேண்டாம் என்றால் கொடுத்தவர் முகம் வாடுகிறது. வாங்கிக்கொண்டால் அப்புறப்படுத்த இன்னொரு லோரி வேண்டும்.

மண்டபத்தைச் சுற்றிப் போடும் தோட்டத்துக்கும் இதே கதை. உப்புக்காற்றுக்கும் களிமண்ணுக்கும் ஒத்துவராத தொட்டிச் செடிகள் வரிசையாக வருகின்றன. செம்பருத்தி, அரளி, வேம்பு கேட்டால் கொண்டுவர ஆளில்லை. களிமண்ணை இளக்க உமியும் எருவும் கலக்கலாம். நெல் ஆலைகள் நிறைந்த ஊரில் உமிக்கா பஞ்சம்! ஆலைக்காரத் தவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியும்விட்டார். சாக்கோடு ஒரு காலைப்பொழுது வருவதற்கு நான்கு இளைஞர்கள் கிடைக்கவில்லை.

ஒருகாலத்தில் நம்மவர்கள் இப்படி இல்லை. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் வெட்டியவர்கள் கொடுத்த பத்துப் பத்து வெள்ளியைக் கொண்டு தோட்டங்களையே வாங்கினார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் அப்படித்தான் கைக்கு வந்தது. எந்த மரம் தன் காசில் வந்தது என்று அவர்களில் யாரும் கேட்டிருக்க முடியாது. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தானே நாம்!

கல்வெட்டில்தான் பெயர் வேண்டுமென்றால், பாக்காவ் கம்பும் செம்மண்ணும் கொடுப்பவர்களின் பெயரை முதல் வரியில் போடுவோம் என்று குழுவில் சொல்லியிருக்கிறேன். விசிறி உபயத்தை மண்ணுக்கு மாற்றித் தரும்படி வீடுவீடாகக் கேட்கவும் போகிறோம். அக்டோபர் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் மண்சாலையில் லோரி உள்ளே வராது. தருகிறவர்கள் தயவுசெய்து அதற்கு முன்பே தாருங்கள்.