கூசும் கண்கள், தூங்கும் விதி

இரவு நேர இருவழி நெடுஞ்சாலை. எதிரே வரும் வாகனம் முகப்பு விளக்கைத் தாழ்த்த மறுக்கிறது. பழிக்குப் பழியாக இந்தப் பக்கத்து ஓட்டுநரும் தன் விளக்கை உயர்த்துகிறார். சில விநாடிகளுக்கு இருவருக்குமே பாதை தெரியாது. அந்த நேரத்தில் சாலையோரம் சைக்கிள் மிதித்துச் செல்பவரின் கதி கடவுளுக்கே வெளிச்சம்.

சட்டத்தில் குறையில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989) மிகத் துல்லியமானவை. 155 மீட்டர் தொலைவிலுள்ள ஆளும் வாகனமும் தெளிவாகத் தெரியுமளவு வெளிச்சம் வேண்டும் என்கிறது 105வது விதி. அடுத்த விதி அதற்குக் கடிவாளம் போடுகிறது: விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது. இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாட்டில் எதிரே வருபவரின் கண் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும்.

கோளாறு பெரும்பாலும் உதிரிபாகக் கடையில் ஆரம்பிக்கிறது. ஹாலோஜன் பல்புக்காக வடிவமைத்த விளக்கில் எல்.இ.டி. பல்பை மாட்டுகிறார்கள். பழைய பல்பின் இழை இருந்த அதே இடத்திலிருந்து புதிய பல்பின் ஒளி வராவிட்டால், கதிர்கள் சிதறி எதிரே வருபவரின் முகத்தில் அடிக்கும். வாங்கியவருக்கோ 'நல்ல வெளிச்சம்' என்ற திருப்தி. பின்பக்கம் அதிக பாரம் ஏற்றி வண்டியின் மூக்கு தூக்கினாலும் இதே கதைதான்.

2019இல் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியில்லாமல் வண்டியில் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் பிடிப்பது எப்படி? ஹெல்மெட் இல்லாத தலை தூரத்திலேயே தெரிந்துவிடும். விளக்கின் கோணத்தை நிறுத்தி வைத்துத்தான் அளக்க வேண்டும். வாடகை வண்டிகளுக்காவது தகுதிச் சான்றுக்கான பரிசோதனை உண்டு. சொந்தக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் 15ஆம் ஆண்டு வரை அந்தத் தொல்லையும் இல்லை.

2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் விளக்கு பகலிலும் தானாக எரிகிறது. தொழிற்சாலையிலேயே பொருத்திவிட்டதால் அந்த விதி பலித்தது. தாழ்த்தும் சுவிட்சோ இன்னும் ஓட்டுநரின் விரலில்தான் இருக்கிறது.

வழி இல்லாமலில்லை. பெட்ரோல், டீசல் கார்கள் குறித்த காலத்தில் புகைச் சோதனைக்கு வந்தே ஆக வேண்டும். அங்கேயே விளக்கின் கோணத்தையும் பார்த்துச் சரிசெய்வது சில நிமிட வேலை. புகைக்குக் கிடைக்கும் மரியாதை கண்ணுக்கும் கிடைக்கலாமே.