ஏட்டுப் பிழைக்குத் தண்டனை, நாட்டுப் பிழைக்கு மௌனம்

விசுவாசம் குன்றிவருகிறது என்ற கவலை இன்று எல்லாக் கிறிஸ்தவ சபைகளிலும் கேட்கிறது. மருந்துகளும் உடனுக்குடன் எழுதிக் கொடுக்கப்படுகின்றன. சுகமளிக்கும் வழிபாடு, முழு இரவுச் செபம், புதிய ஒலிபெருக்கி, உயர்ந்த கோபுரம், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்படும் போதகர் எனப் பட்டியல் நீள்கிறது. புலம்பெயர்ந்த நம்மவர் அனுப்பும் பணத்தில் ஊர்தோறும் ஆலயங்கள் பளிங்குத் தரையுடன் எழும்புகின்றன. இவற்றுள் எதுவும் பாவமன்று. ஆனால் இவற்றால் ஒரு சமயம் உயிர்பெற்றதாக வரலாறு இல்லை. ஆமோசும் எசாயாவும் தம் காலத்துப் பலிபீடங்களைப் பார்த்துச் சினந்தது பலிகள் குறைந்தமைக்காக அன்று. கூலி மறுக்கப்பட்டவனும் கைம்பெண்ணும் வாசலில் நிற்க, உள்ளே தூபம் புகைந்தமைக்காக.

இலங்கையில் இக்கேள்வியை உரத்துக் கேட்டவர் ஒருவர் இருந்தார். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அருட்தந்தை திஸ்ஸ பாலசூரிய. கொழும்பு அக்குவைனாஸ் கல்லூரியின் அதிபராக இருந்தவர். 1971இல், நாட்டின் இளைஞர்கள் ஆயுதம் ஏந்தி மடிந்த அதே ஆண்டில், சமயத்தையும் சமூகத்தையும் சேர்த்து ஆராய ஒரு நிலையத்தை நிறுவினார். எத்தனையோ நூற்றாண்டுகளாக எத்தனையோ ஆலயங்களில் ஞாயிறுதோறும் அப்பம் பகிரப்பட்டும், அதை உண்பவர்களின் நாடுகளில் பசி ஏன் தீரவில்லை? ஒரே பந்தியில் நற்கருணை வாங்கியவர்களே கடல் கடந்து சென்று பிறர் நாடுகளை எவ்வாறு கொள்ளையிட்டார்கள்? அவருடைய எழுத்துகளின் சாரம் இத்தகைய கேள்விகளே.

1990இல் அவர் எழுதிய 'மரியாளும் மனித விடுதலையும்' என்ற நூல் சர்ச்சைக்குள்ளாயிற்று. பலிபீடத்தின் மேல் மௌனமாக நிற்கும் மரியாளை, வறியவர் நடுவே வாழ்ந்த துணிவுள்ள பெண்ணாக மீட்டெடுக்க அந்நூல் முயன்றது. பிறப்புநிலைப் பாவம், பிற சமயத்தவரின் மீட்பு, பெண்களின் குருத்துவம் ஆகியவை குறித்தும் கேள்வி எழுப்பியது. 1994இல் இலங்கை ஆயர்கள் அதற்கு எதிராக அறிக்கை வெளியிட்டனர். 1997 ஜனவரியில் வத்திக்கான் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கியது. அப்போது அவருக்கு வயது 72. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்ததையடுத்து, 1998 ஜனவரியில் அத்தண்டனை நீக்கப்பட்டது. 2013 ஜனவரியில் காலமானார்.

அவருடைய இறையியல் முழுவதும் சரி என்று வாதிடுவது என் நோக்கமன்று. அது இறையியலாளரின் வேலை. நான் சுட்டிக்காட்ட விரும்புவது காலத்தை. அந்நூல் ஆயர்களின் மேசையிலும் உரோமையின் மேசையிலும் கிடந்த அந்த ஆண்டுகளில் இந்நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலியில் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த யுத்தத்தில் கட்டளையிட்டவர்களிலும், சுட்டவர்களிலும், ஆயுதம் விற்றவர்களிலும், எல்லாத் தரப்பிலும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருந்தார்கள். அவர்களுள் எவராவது நற்கருணைப் பந்தியிலிருந்து பகிரங்கமாகத் திருப்பி அனுப்பப்பட்டதாக ஒரு செய்தியையேனும் நாம் அச்சிட்டதுண்டா? ஒரு முதியவர் எழுதிய நூலுக்கு உச்சத் தண்டனை. ஆயிரமாயிரம் உயிர்களுக்கு அனுதாபச் செய்தி. சொல்லைத் தண்டித்துச் செயலை மன்னிக்கும் இந்தத் தராசே விசுவாசத்தை அரித்த கறையான்.

"குருமாருக்கு அரசியல் எதற்கு? செபத்தோடு நிற்கலாமே" என்பார் உளர். இந்த அறிவுரை ஒருபோதும் ஆட்சியாளரின் மேடையில் அமரும் குருவுக்குச் சொல்லப்படுவதில்லை. அந்த ஆட்சியால் அடிபட்டவனின் குடிசையில் அமரும் குருவுக்கே சொல்லப்படுகிறது. புத்தளைக்கு அருகே பௌத்த விவசாயிகளின் கிராமமொன்றில், யாரையும் மதம் மாற்ற முயலாமல் அவர்களோடு வாழ்ந்த அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ, 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலி வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மன்னார் வங்காலையின் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் 1985 ஜனவரியில் கொல்லப்பட்டார். அதற்குச் சில வாரங்கள் முன்னர், முருங்கன் பகுதியில் பணியாற்றிய மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டார். அல்லைப்பிட்டியின் ஜிம் பிறவுண் அடிகளார் 2006 ஆகஸ்டில் காணாமற்போனார். இவர்கள் எவரும் கட்சி நடத்தவில்லை. தம் மக்களுக்கு நடந்ததைக் கண்டார்கள். கண்டதை விட்டு ஓடவில்லை.

எல் சல்வடோரில் 1980 மார்ச் 24ஆம் திகதி பலிபீடத்தில் கொல்லப்பட்ட பேராயர் ஒஸ்கார் ரொமேரோவைப் புனிதராக அறிவிக்க உரோமைக்கு 38 ஆண்டுகள் பிடித்தன. 2018இல் அது நிகழ்ந்தது. தீர்க்கதரிசி இறந்த பிறகு சிலை வைப்பது எளிது. சிலை கேள்வி கேட்பதில்லை.

நீதியை மொழிவாரியாகப் பங்கிடுவது இதைவிடப் பெரிய நோய். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் ஆணைக்குழுவின் முன் அரச புள்ளிவிபரங்களையே எடுத்துக்காட்டி, வன்னியில் 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். 2021 ஏப்ரலில் அவர் மறையும்வரை பதில் வரவில்லை. 2012இல் ஜெனீவாவில் இலங்கை தொடர்பான தீர்மானம் வந்தபோது, அதை வெளியார் தலையீடு என்று எதிர்த்தவர்களுள் கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித்தும் ஒருவர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் இரத்தம் பெருகியது. உள்நாட்டு விசாரணைகள் ஏமாற்றவே, 2022 மார்ச்சில் அதே கர்தினால் அதே ஜெனீவாவில் நின்று உலகின் உதவியைக் கேட்டார். கேட்டது முற்றிலும் நியாயம். பத்தாண்டுகளுக்கு முன்னர் முள்ளிவாய்க்கால் தாய் கேட்டதும் இதே நியாயம்தான்.

தமிழ் வாசகர்கள் இதைப் படித்துத் திருப்தியுடன் தலையசைத்துவிட வேண்டாம். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது நமது பிரசங்க மேடைகள் எவ்வளவு உரத்துப் பேசின? பள்ளிப் பிள்ளைகள் போருக்குப் பிடித்துச் செல்லப்பட்டபோது? அந்த வாங்குகளில் அமர்ந்திருந்தவர்களுக்கு விடை தெரியும். சாதி பார்த்து ஆலயமும் திருநாள் உபயமும் பிரிக்கும் ஊர்களில், எல்லாரும் ஒரே உடலின் உறுப்புகள் என்று எந்த முகத்தோடு வாசிக்கிறோம்?

சீர்திருத்தம் வீட்டிலிருந்து தொடங்கவேண்டும். பங்கின் வரவு செலவு மக்கள் முன் வைக்கப்படட்டும். சிறுவரைத் துன்புறுத்திய குருவை வேறு பங்குக்கு மாற்றி மூடி மறைக்காமல் பொலிசிடம் ஒப்படைக்கட்டும். 2023 ஒக்டோபரில் உரோமையில் நடந்த ஆயர் மாமன்றத்தில் முதன்முறையாகப் பெண்கள் வாக்களித்தார்கள். நமது பங்குச் சபைகளிலோ அவர்களுடைய வேலை இன்னமும் பூ அலங்காரமாகவும் சிற்றுண்டியாகவுமே இருக்கிறது. மலையகத்தில், 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தை ஆரம்பித்த யேசுசபைக் குரு போல் கஸ்பர்ஸ் காட்டிய வழி திறந்தே கிடக்கிறது. லயன் அறைகளுக்குக் காணி கேட்கும் மக்களோடு, காணியுள்ள திருச்சபை எங்கே நிற்கிறது?

2025 மே மாதம் தெரிவான பாப்பரசர் பதினான்காம் லியோ, 1891இல் தொழிலாளர் உரிமை பற்றிச் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைந்தே அப்பெயரை எடுத்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் ஏழைகள்மீதான அன்பைப் பற்றி ஓர் ஏடும் வெளியிட்டார். ஆகவே மேலிடம் அனுமதிக்கவில்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மார் தம் பிள்ளைகளைத் தேடுகிறார்கள். கட்டுவாப்பிட்டித் தாய்மார் தம் பிள்ளைகளின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். சிங்களமும் தமிழும் ஒரே கூரையின் கீழ் முழந்தாளிடும் நிறுவனங்கள் இந்நாட்டில் மிகச் சில. அவற்றுள் ஒன்று திருச்சபை. இந்த இரு தாய்மாரையும் ஒரே வாங்கில் அமர்த்தி, இருவருக்கும் ஒரே குரலில் நீதி கேட்கும் நாளில் அது தன் விசுவாசத்தைத் தேடி அலைய வேண்டியிராது. அதுவரை கோபுரங்களுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருக்கலாம்.