சீரகம் போட்ட சைனீஸ்... சீப்பாத்தான் இருக்கணுமா?

சைனீஸ்னா நமக்கு கோபி மஞ்சூரியன், ஃப்ரைட் ரைஸ். ஆனால் சீனாவின் ஷியான் நகரத்தில் சீரகமும் மிளகாயும் தூக்கலாகப் போட்ட ஆட்டுக்கறி நூடுல்ஸ்தான் கெத்து. பட்டுப்பாதையில் வந்து சேர்ந்த சீரகம் அது.

இந்த ஊர்ச் சாப்பாட்டை நியூயார்க்கின் ஃப்ளஷிங்கில், ஒரு மால் பேஸ்மென்ட்டின் குட்டி ஸ்டாலில் விற்றவர் டேவிட் ஷி. 2005-ல் பபுள் டீ கடையாக ஆரம்பித்தது, இன்று மகன் ஜேசன் வாங் நடத்தும் 'ஷியான் ஃபேமஸ் ஃபுட்ஸ்'.

சிக்கல் விலையில்தான். பாஸ்தாவுக்கு யோசிக்காமல் காசு கொடுப்பவர்கூட, கையால் இழுத்துக் கிழித்த நூடுல்ஸுக்கு ஒரு டாலர் ஏறினால் முகம் சுளிப்பார். ஒரு நாட்டுச் சாப்பாட்டுக்கு என்ன விலை தரலாம் என்பதில், ருசியோடு அந்த மக்களுக்குச் சமூகம் தரும் அந்தஸ்தும் சேர்ந்திருக்கிறது என்கிறார் பேராசிரியர் கிருஷ்ணேந்து ராய், 2016-ல் வந்த தன் புத்தகத்தில்.

ஃபுட் கோர்ட்டில் வெயிட்டர் இல்லை, டேபிள் பொது. அதனால் விலை குறைந்தால் ஓகே. ஆனால் பல குடும்பக் கடைகளில், சம்பளமே வாங்காத வீட்டு ஆட்களின் உழைப்பும் அந்தக் குறைந்த விலைக்குள் இருக்கு. 'வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கு'ன்னு பாராட்டுறோமே, அதே வாயால பேரம் பேசுறது எனக்கு உறுத்துது.