கருப்பை நோயும் நம் நாவின் தயக்கமும்

ஆடவர் பயிலும் கல்லூரியின் மலரிலே, பெண்டிரின் கருப்பையில் தோன்றும் புற்றுநோயைப் பற்றித் தமிழாசிரியனொருவன் எழுதப் புகுவது தகுமோ என நண்பரொருவர் வினவினார். தகும் என்பதே எமது துணிபு. என் சின்னம்மா மாதவிடாய் நின்று எட்டாண்டுகள் கழிந்தபின் மீண்டும் குருதி கண்டார். கண்டும் ஓராண்டுக்கு மேலாக அதனை எவர்க்கும் உரையாது மறைத்தார். வீட்டிலே வளர்ந்த ஆண்மக்கள் நால்வர் இருந்தோம். எம்மிடம் சொல்லுதற்கு அவரிடம் சொல் இருக்கவில்லை. கேட்பதற்கு எம்மிடமும் இருக்கவில்லை. வைத்தியரிடம் அழைத்துச் சென்றபோது காலம் கடந்துவிட்டது.

கருப்பையின் உட்படலம் திங்கள்தோறும் வளர்ந்து உதிர்வது. வளர்க என ஏவுவது ஈஸ்திரோசன் என்னும் ஓமோன். அவ்வளர்ச்சியை அடக்கி முதிர்விப்பது புரொஜெஸ்தரோன். மாதவிடாய் நின்றபின் சூலகங்கள் ஓய்வு பெறினும், உடலிலுள்ள கொழுப்பிழையம் ஒரு நொதியத்தின் துணையால் ஈஸ்திரோசனைத் தொடர்ந்து ஆக்குகின்றது. உடற்பருமன் மிக்கார்க்கு இந்நோய் மிகுதியாக வருதற்கு இஃதொரு காரணம். ஏவுவோன் உளன், அடக்குவோன் இலன் என்ற நிலையிலே உட்படலம் தடிக்கின்றது.

கலத்தின் உள்ளேயும் இத்தகையதொரு வழக்கு நிகழ்கின்றது. வெளியிலிருந்து வரும் வளர்ச்சிச் சமிக்ஞையைக் கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி பெற்று, பி.ஐ.3.கே. என்னும் நொதியத்திடம் கையளிக்கின்றது, அது ஏ.கே.ரி. என்னும் புரதத்தைத் தூண்ட, கலம் வளரவும் பிரியவும் முற்படுகின்றது. இச்சமிக்ஞையை உரிய வேளையில் அணைப்பது 1997இல் கண்டறியப்பட்ட பி.ரி.ஈ.என். என்னும் பரம்பரையலகு. கருப்பை உட்படலப் புற்றுநோயின் பெருவழக்கான வகையிலே மிகுதியாகப் பழுதுறுவது இதுவே. அது பழுதுற்றால் ஏவல் ஓய்வதில்லை. இன்சுலின் மிகுதியும் இதே வழியைத் தூண்டுமாதலின், ஒரே தீக்கு இருபுறமும் நெய் வார்த்ததுபோலாகும். இவ்வகையில் அடங்காத கொடிய வகையொன்றும் உண்டு. அதிலே பெரும்பாலும் கெடுவது பி.53 என்னும் காவற் பரம்பரையலகு. 2013இல் வெளிவந்த ஆய்வொன்று, இக்கட்டிகளைப் பரம்பரையலகு நோக்கி நான்கு கூட்டங்களாக வகுத்தது.

அந்நான்கனுள் ஒன்று ஆடவராகிய நம்மையும் தொடுவது. கலம் பிரியும்போது படியெடுப்பிலே நேரும் பிழைகளைத் திருத்தும் பரம்பரையலகுகள் சில உள. அவற்றுளொன்று பிறவியிலேயே பழுதுற்றிருப்பின் அதனை லிஞ்ச் கூட்டறிகுறி என்பர். அது தாய்வழியாக மட்டுமன்றித் தந்தைவழியாகவும் இறங்கும்; மகனுக்குப் பெருங்குடற் புற்றாகவும் மகளுக்குக் கருப்பைப் புற்றாகவும் வெளிப்படக்கூடும். இதன் வரலாறு தொடங்கியது வைத்தியரொருவரின் மதிநுட்பத்தினால் மட்டுமன்று. 1895இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே தையற்பெண்ணொருத்தி, தன் குடும்பத்தார் பலர் குடலிலும் கருப்பையிலும் புற்றுற்று மாண்டதனை வார்தின் என்னும் நோயியற் பேராசிரியரிடம் எடுத்துரைத்து, தானும் அவ்வாறே மாள்வேன் என்றாள். அவர் அக்குடும்ப வரலாற்றைத் தொகுத்து 1913இல் வெளியிட்டார். பின்னர் அவளும் கருப்பைப் புற்றினாலேயே இறந்தாள். அவள் வாய் திறந்திராவிடின் அவ்வாராய்ச்சி எங்ஙனம் தொடங்கியிருக்கும்?

இத்தகைய செய்திகளுக்குத் தமிழ் இடங்கொடாது என்பாரும் உளர். அவர்க்கு மானிப்பாயையே காட்டுவேன். 19ஆம் நூற்றாண்டில் ஆங்குப் பணியாற்றிய வைத்தியர் கிறீன், மேலைநாட்டு வைத்திய நூல்களைத் தம் மாணாக்கர் துணையோடு தமிழாக்கித் தமிழிலேயே கற்பித்தார். மகப்பேற்று வைத்தியமும் அவற்றுளொன்று. அக்காலத்து மாணாக்கர் நாணாது கற்றதை இக்காலத்து மாணவர் கேட்டுச் சிரிப்பராயின், பழி மொழியினதன்று; ஆசிரியராகிய எம்மதே. இனப்பெருக்கத் தொகுதிப் பாடத்தை வீட்டில் வாசிக்குமாறு பணித்துவிட்டு அப்பாற் செல்லும் வழக்கம் பல பாடசாலைகளில் இன்றும் உண்டு.

மாணவர் அறியவேண்டுவது சிறிதே. மாதவிடாய் நின்றபின் இந்நோயுற்ற பெண்கள் 10 பேரில் ஏறத்தாழ 9 பேருக்குக் குருதி காணல் அறிகுறியாகின்றது. அவ்வாறு குருதி கண்டவர்களுள்ளோ 10 பேரில் ஏறத்தாழ ஒருவர்க்கே இந்நோய் இருக்கும். ஆதலின் அஞ்சி நடுங்கவேண்டியதில்லை, தாமதிக்கவும் கூடாது. தொடக்கத்திலே கண்டால் பெரும்பாலார்க்குச் சத்திரசிகிச்சையே போதியதாகும்.

உயர்தர வகுப்பு மாணவர்க்கெனக் கலம், சமிக்ஞை, விகாரம் முதலிய சொற்களைப் பொருள் விளக்கத்தோடு ஒரு சிறு கைந்நூலாக எழுதத் தொடங்கியுள்ளேன். மொழிக்கு யான் பொறுப்பு. வைத்தியத் துறையிலுள்ள பழைய மாணவர் எவரேனும் அதனை வாசித்து, பொருட்பிழை கண்டவிடத்துத் திருத்தித் தருவார்களாக.