ஆதாரம் எங்கே?

சாட்சியமின்றித் தண்டனையில்லை என்பது நீதியின் பாலபாடம். கோழித் திருடனைக்கூட ஆதாரமின்றிச் சிறைக்கு அனுப்ப முடியாது. ஆனால் இந்நாட்டில் ஒரு சமூகத்தின் பிரேதங்களை எரிப்பதற்கும், கமக்காரனின் வயலை வாட்டுவதற்கும் ஒரு வர்த்தமானிப் பத்திரம் போதும்!

கொரோனாவால் இறந்தோர் அனைவரையும் எரித்தேயாக வேண்டுமென 2020 ஏப்ரலில் அரசாங்கம் விதித்தது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றனர். அடக்கம் செய்யலாமென உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு முன்னரே கூறியிருந்தது. நீர் வழியே அந்நோய் பரவியதற்குச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. உயர் நீதிமன்றஞ் சென்ற அடிப்படை உரிமை மனுக்களோ, 2020 டிசம்பர் 1 ஆந் திகதி, முழு விசாரணைக்கு எடுக்கப்படாமலே தள்ளப்பட்டன. அதே மாதத்தில் பிறந்து 20 நாளேயான பச்சிளங் குழந்தையொன்று பெற்றோரின் விருப்புக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 பெப்ருவரியில் அவ்விதி மாற்றப்பட்டது. இடையில் மாறியது நிலத்தடி நீரா? அரசியல் வசதியா? 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்புச் சாம்பலுக்கு உருக்கொடுக்குமா?

இது முஸ்லிம்களின் பாடு, நமக்கென்ன என்றிருந்த தமிழரும் உளர். அவர்தம் வாசலுக்கும் அதே வர்த்தமானி 2021 மே மாதத்தில் வந்தது. இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சிறுநீரக நோய் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்நோயின் மூலம் இதுதான் என்று ஆய்வாளர் இன்றுவரை ஒருமுகமாக முடிவு கூறினாரல்லர். நவம்பரில் தடை நீங்கிற்று. அதற்குள் பெரும்போகம் பாழாயிற்று.

பசளையை அளவின்றிக் கொட்டுவதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் அளந்தே காட்டியுள்ளனர். அந்தச் சான்று கோருவது என்ன? மண்ணைச் சோதித்துப் பசளையை அளவோடிடப் பழக்குவதையும், கிணற்று நீரைத் தவறாது பரிசோதிப்பதையுமே. ஆதாரமுள்ள இடத்தில் அசட்டை. ஆதாரமற்ற இடத்தில் அதிகாரம்! இதுவா சுகாதாரக் கொள்கை?

அறிவு இந்நாட்டில் இல்லாமலில்லை. ஊரூராக இரத்தஞ் சோதித்து, நோய் கண்ட இடத்தைத் தேடிச் சென்று மலேரியாவை ஒழித்தவர்கள் நம் சுகாதார ஊழியர்களே. 2016 இல் உலக சுகாதார ஸ்தாபனம் அதற்குச் சான்றிதழும் வழங்கிற்று. அறிஞர் உளர், அவர்களைக் கேட்கும் ஆட்சியே இல்லை.

ஆகவே நாம் கோருவது இதுவே: சுகாதாரத்தின் பெயரால் உரிமையையோ தொழிலையோ கட்டுப்படுத்தும் எவ்விதியும், அதற்கு ஆதாரமான நிபுணர் அறிக்கையுடன் மூன்று மொழிகளிலும் வெளியிடப்படல் வேண்டும். குறித்த தவணையில் அது பாராளுமன்றத்தில் மீளாய்வு செய்யப்படல் வேண்டும். அறிக்கை இல்லையேல் விதியும் இல்லை.

வைத்தியர்களே, வழக்கறிஞர்களே, கமக்காரத் தோழர்களே! அடுத்த வர்த்தமானி வருமுன்பே கேளுங்கள்: ஆதாரம் எங்கே?