இறாலா, ஈரலா?

சென்ற மாதம் பழவேற்காட்டு ஏரிப் பக்கம் போயிருந்தபோது, லைட்ஹவுஸ் குப்பத்தில் ஓர் இல்லத்தில் உணவருந்தும்படி ஆயிற்று. குடும்பத் தலைவர் 58 வயதுக்காரர். சிறு பிராயம் முதல் கடலிலும் ஏரியிலும் பாடுபட்டவர். ஈராண்டுகளுக்கு முன் நெஞ்சுவலி கண்டு, மருத்துவமனையில் கிடந்து மீண்டவர். அவருடைய மனைவி நம் இலையில் இறால் தொக்கைத் தாராளமாகப் பரிமாறினார். கணவர் தட்டிலோ ரசமும் அப்பளமும், குன்றுபோல் சோறும்.

"எனக்கு இறால் ஆகாது சாமி. கொலஸ்டிரால். விட்டு ஒன்றரை வருஷமாச்சு" என்றார். மாத்திரை உண்கிறீர்களா என்று வினவினோம். "அதையும் விட்டுட்டேன். இறால் இல்ல, முட்டை இல்ல, எண்ணெய்ப் பலகாரம் தொடறதில்ல. அப்புறம் கொழுப்பு எங்கேருந்து வரும்? மாத்திரை எதுக்கு?"

அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டை அவர் மனைவி எடுத்துக் காட்டினார். மாத்திரை உண்ட காலத்தில் அடங்கியிருந்த எல்.டி.எல். கொலஸ்டிரால், ஏறக்குறைய இருமடங்காகியிருந்தது. "வாயைக் கட்டியும் ஏன் இப்படி?" என்பது அவ்வம்மையாரின் கேள்வி. இக்கேள்வியை வேறு பல இல்லங்களிலும் கேட்டிருக்கிறோம். ஆதலின் இம்மாதம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

கொலஸ்டிரால் நஞ்சு அன்று. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவின் சுவரிலும் அது உண்டு. பித்தநீர், சில ஹார்மோன்கள், தோலில் உண்டாகும் வைட்டமின் டி ஆகியவற்றுக்கும் அதுவே மூலப்பொருள். இத்தனை இன்றியமையாத பொருளை, ஒரு நாள் கிடைத்து மறுநாள் வெறும் வலை திரும்பும் பாட்டை நம்பி உடல் விட்டுவைக்குமா? தானே செய்துகொள்கிறது. பெரும்பாலான உயிரணுக்களுக்கு அத்திறன் உண்டெனினும், தலைமைப் பட்டறை கல்லீரலே. உணவின் வழியாக வருவதைக் காட்டிலும் உடல் தானே ஆக்குவது பொதுவாக அதிகம். ஆட்டைப் பாருங்கள்! தழையன்றி வேறு தின்பதில்லை. தழையிலோ கொலஸ்டிரால் இல்லையென்றே சொல்லலாம். ஆயினும் ஆட்டுக் கொழுப்பில் அது நிறைய உண்டு. எங்கிருந்து வந்தது?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இறாலுக்குக் கொலஸ்டிராலைத் தானே ஆக்கிக்கொள்ளும் திறன் இல்லை. அது தின்னும் இரையிலிருந்துதான் பெறவேண்டும். இறால் பண்ணைகளுக்கான தீவனத்தில் கொலஸ்டிராலைச் சேர்ப்பதும் இதனாலேயே. உணவை விட்டால் கொலஸ்டிராலுக்கு வேறு வழியில்லாத பிராணி இறால்தான், மனிதன் அல்லன்.

பழவேற்காட்டு ஏரியை எண்ணிப் பாருங்கள். தெற்கே ஆரணியாறு வந்து சேர்கிறது. வடக்கே ஆந்திரப் பக்கத்திலிருந்து காளாங்கி வருகிறது. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறுகிறது. ஏரிக்குள் கலந்தபின் ஒரு குடம் மொண்டு, இது எந்த நீர் என்று யாரும் சொல்ல இயலாது. ஈரலிலும் இதுவே நிகழ்கிறது. சோறும் சர்க்கரையும் குளுக்கோஸாகின்றன. மீனும் பருப்பும் அமினோ அமிலங்களாகின்றன. எண்ணெயும் நெய்யும் கொழுப்பு அமிலங்களாகின்றன. இவை மூன்றும் உயிரணுவுக்குள் சிதைந்து, இரண்டே கரி அணுக்கள் கொண்ட ஒரு சிறு துண்டாக முடிகின்றன. அதனை அசிட்டைல் கோ-ஏ என்பர். மதுவும் ஈரலில் அசிட்டேட்டாகி அதே துண்டாக மாறவல்லது. துண்டு எதிலிருந்து வந்தது என்று ஈரல் கேட்பதில்லை.

துண்டுகள் மூன்று இணைந்து ஆறு கரி அணுக்கள் கொண்ட பொருளாகின்றன. அதில் ஒரு கரி கழிந்து ஐந்தாகிறது. ஐந்து அணுக்கள் கொண்ட அத்தகைய கண்ணிகள் ஆறு கோத்தால், முப்பது கரி அணுக்கள் கொண்ட ஸ்குவாலீன் என்னும் எண்ணெய். அது வளைந்து வளையங்களாகி, மூன்று கரிகளை இழந்து, இருபத்தேழு கரிகளுடன் கொலஸ்டிராலாக முடிகிறது. கணக்கிட்டால் ஒரு கொலஸ்டிராலுக்குப் பதினெட்டுத் துண்டுகள்.

இந்த ஸ்குவாலீனைச் சுறாவின் ஈரல் எண்ணெயிலிருந்துதான் ஜப்பானிய வேதியியலார் சுஜிமோத்தோ 1906இல் கண்டெடுத்தார். ஆழ்கடற் சுறாக்கள் சிலவற்றின் ஈரலில் அது மிகுதி. கொலஸ்டிரால் உருவாகும் வழியை ஆராய்ந்து, லினனுடன் 1964இல் நோபல் பரிசு பெற்ற கான்ராட் பிளாக், இதனைச் சோதிக்க பெர்முடா தீவுக்கே சென்றார். கையாளத்தக்க அளவுள்ள சுறா எளிதில் அகப்படவில்லை. அகப்பட்டதன் ஈரலோ எண்ணெய் வழிந்து, மெல்லிய வில்லைகளாக அரிய முடியாமற் போயிற்று. நம் குப்பத்து மீனவரைக் கேட்டிருந்தால் முன்னரே சொல்லியிருப்பர்! பின்னர் அவர் எலிகளைக் கொண்டு காரியத்தை முடித்தார்.

பட்டறை இருந்தால் அதற்கு மதகும் உண்டு. ஆறு கரிப் பொருளை அடுத்த படிக்கு மாற்றும் நொதியே அம்மதகு. உயிரணுவில் கொலஸ்டிரால் போதுமான அளவு இருந்தால் அது தாழும், குறைந்தால் உயரும். உணவுக்குப்பின் சுரக்கும் இன்சுலின் அதனைத் திறந்துவிடும். பட்டினி அதனை அடைக்கும். ஜப்பானியர் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைத் தேடி ஆராய்ந்து, இம்மதகை அடைக்கும் பொருளை 1973இல் கண்டார். ஸ்டாட்டின் மாத்திரைகளின் தொடக்கம் அதுவே. மதகு அடைபட்ட ஈரல், தன் தேவைக்காக இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது, இரத்தத்தில் அளவு குறைகிறது. நம் நண்பர் மாத்திரையை நிறுத்தினார், மதகு திறந்துகொண்டது. தட்டில் இறால் இல்லாதது அதற்குத் தெரியாது.

அப்படியானால் எதையும் உண்ணலாமா என்று கேட்கவேண்டாம். துண்டுகள் மிகுந்தால் அத்தனையும் கொலஸ்டிராலாவதில்லை. மதகு ஓரளவு காக்கிறது. மிச்சம் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பாகி, ஈரலிலும் இரத்தத்திலும் சேர்கிறது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2014இல் வெளியாயிற்று. மொத்தக் கொலஸ்டிரால் மிகுந்தவர் நூற்றுக்கு 13.9 பேரே. டிரைகிளிசரைடு மிகுந்தவர் 29.5 பேர், நன்மை தரும் எச்.டி.எல். குறைந்தவர் 72.3 பேர். மூன்று வேளையும் சோறே பிரதானமாகவும், உடலுழைப்பு குறைவாகவும் உள்ள வாழ்வில் இக்கோளாறு வளர்கிறது. மாலையில் மதுவும் சேர்ந்தால் சொல்லவேண்டியதில்லை. (இதைச் சொன்னபோது அம்மையார் கணவரைப் பார்த்த பார்வையை இங்கு எழுதுவதற்கில்லை.)

இறாலில் கொலஸ்டிரால் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் எல்.டி.எல்.லை ஏற்றுவதில் பெரும்பங்கு நிறைகொழுப்புக்கு. ஈரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுக்கும் கைகளை அது குறைத்துவிடுகிறது. இறாலில் அக்கொழுப்பு மிகச் சிறிதே. பாமாயிலில் பொரித்து, அதே எண்ணெயை மறுநாளும் காய்ச்சும் இறாலுக்கு நாம் ஜாமீன் நிற்கவில்லை. மண்சட்டிக் குழம்பில் அளவோடு இட்ட இறாலைப் பற்றியே பேசுகிறோம்.

இவையனைத்தையும் அன்றே இவ்வளவு வரிசையாகச் சொன்னோம் என்றால் பொய்யாகும். ஏரிக் கதையைச் சொன்னோம். சுறாக் கதையைச் சொன்னோம். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தியது தவறு என்றும், நெஞ்சுவலி கண்டவருக்கு அது உயிர்ப் பிரச்சினை என்றும் சற்றுக் கடுமையாகவே சொன்னோம். அவர் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. அம்மையார் கணவர் தட்டிலிருந்த சோற்றில் ஒரு கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அவ்விடத்தில் நான்கு இறால்களை வைத்தார்.

உண்டு எழுந்தபின், திங்கட்கிழமை பொன்னேரிக்குப் போய் மருத்துவரைப் பார்க்கலாமா என்று மனைவியைக் கேட்டார். பழைய மருந்துச் சீட்டு எங்கே என்றும் கேட்டார். அது காலண்டருக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.